ஹெட் பூட்டிய பின் அமுக்கம் இல்லாத இயந்திரம்

செம்மண் நிலத்து வெங்காயப் பயிர் மூன்று நான்கு நாள்களுக்கு ஒருமுறை நீர் கேட்கும். மிளகாயும் கத்தரியும் அதனிலும் சிறிது பொறுக்குமாயினும், சிறுபோகத்து வெயிலில் நெடுநாள் பொறுப்பதில்லை. துலாவால் நீர் இறைத்த காலத்தில் துலா முறிந்தால் அன்றே வேறு மரம் தேடிக் கட்டிவிடலாம். 1950 ஆம் ஆண்டுகளில் யாழ்ப்பாணத்துக் கிணறுகளில் மண்ணெண்ணெய் இயந்திரங்கள் இடம்பெறத் தொடங்கிய நாள் முதலாக, தோட்டப் பயிர் ஓர் இரும்பு அறைக்குள் நெருக்கப்படும் காற்றை நம்பி நிற்கின்றது. வயலிலும் அவ்வாறே. ‘லாண்ட்மாஸ்டர்’ என்று பொதுவாக அழைக்கப்படும் இரு சக்கர உழவு இயந்திரம் பெரும்போகத்து முதல் மழைக்கு இயங்காவிடின் உழவு பிந்தும். உழவு பிந்தினால் விதைப்பும் பிந்தும்.

இயந்திரம் பழையதாகிப் புகை கக்கி வலுக் குன்றும்போது ஹெட்டைக் கழற்றி, வால்வுகளை அரைத்து, பிஸ்டன் வளையங்களை மாற்றிப் பூட்டுவது வழக்கம். ஊரிற் கிடையாத உதிரிப் பாகங்கள் கொழும்பிலே தேடப்படுகின்றன. வடக்கிலுள்ள கமக்காரர் ஹெட்டைச் சாக்கிற் சுற்றிக்கொண்டு இரவு பஸ்ஸில் ஏறி, விடியற்காலையில் வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ உள்ள உறவினர் வீட்டில் முகங் கழுவி, மருதானைக்கு அண்மையிலுள்ள பஞ்சிகாவத்தையில் கடை திறக்கும் வேளைக்குப் போய் நிற்பார். கஸ்கெற், வால்வு, வளையம் ஆகியவற்றை வாங்கி, வால்வு இருக்கைகளை லேத்துப் பட்டறையில் வெட்டுவித்து, வெள்ளவத்தையிலிருந்து இரவிற் புறப்படும் யாழ்ப்பாண பஸ்ஸில் திரும்புவார். ஏறக்குறைய 400 கிலோமீற்றர் வழி. மறுநாள் எல்லாம் பூட்டியாகிவிடும். கைபிடியைச் சுற்றினால் அது யாதொரு தடையுமின்றிச் சுழலும். இயந்திரம் ஒருமுறைதானும் பற்றாது.

இந்நிலையில் பெரும்பாலோர் செய்வது இரண்டில் ஒன்று. வாங்கிய பொருள் போலி என்று கடைக்காரரை நோவர். அல்லது பிஸ்டனும் சிலிண்டரும் தேய்ந்துவிட்டன என்று முடிவு செய்து மீண்டும் கொழும்புக்குப் பயணமாவர். இரண்டும் அவசர முடிவுகளே. வேலைக்கு முன் அரைகுறையாகவேனும் ஓடிய இயந்திரம் வேலைக்குப் பின் அறவே ஓடவில்லையெனின், குற்றம் கை பட்ட இடத்திலே இருத்தல் இயல்பு. அவ்விடத்தை ஹெட்டை மீண்டும் கழற்றாமலே அரை மணித்தியாலத்திற் கண்டுகொள்ளலாம். கழற்றிவிட்டாலோ புதுக் கஸ்கெற் பழுதாகும். அதனோடு குற்றத்துக்குச் சான்றும் அழிந்துபோகும்.

காற்று அடைபடும் அறை

நான்கு அடி இயந்திரத்தில் பிளைவீல் எனப்படும் பாரச் சில்லு இருமுறை சுழலும்போது பிஸ்டன் நான்கு ஓட்டம் ஓடுகின்றது. முதலாவதிற் காற்றை உள்ளிழுக்கும். இரண்டாவதில் அதனை நெருக்கும். மூன்றாவதில் எரிபொருள் எரிந்து பிஸ்டனைத் தள்ளும். நான்காவதிற் புகை வெளியேறும். இரண்டாவது ஓட்டத்தில் இரு வால்வுகளும் இறுக மூடியிருந்தாலன்றி அமுக்கம் உண்டாகாது. இதனையே திருத்துநர்கள் ‘கம்பிரஷன்’ என்பர்.

டீசல் இயந்திரத்தில் தீப்பொறி இல்லை. ஏறக்குறைய 20 பங்கு காற்று ஒரு பங்காக நெருக்கப்படும்போது அதன் வெப்பநிலை 500 பாகை செல்சியசையும் கடக்கக்கூடும். எண்ணெயைப் பற்றவைப்பது அவ்வெப்பமே. ஆகையாற் சிறிது காற்றுக் கசிந்தாலும் குளிர்ந்த டீசல் இயந்திரம் புறப்பட மறுக்கும். பெற்றோலிற் புறப்பட்டு மண்ணெண்ணெய்க்கு மாறும் இயந்திரம் இதனிலும் பொறுமையுடையது. அமுக்கம் குன்றிய நிலையிலும் அது ஒருவாறு ஓடும். ஆயின் எரியாத மண்ணெண்ணெய் வளையங்களைக் கடந்து கீழே வழிந்து மசகெண்ணெயை நீர்க்கச் செய்யும். நீர்த்த எண்ணெயில் ஓடும் தாங்கிகள் நெடுநாள் நில்லா. 2022 ஓகஸ்டில் மண்ணெண்ணெய் இலீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக உயர்த்தப்பட்டபோது, இவ்வாறு வீணாகும் ஒவ்வொரு போத்தலின் பெறுமதியும் கமக்காரருக்கு நன்கு புலனாயிற்று.

அறையிலிருந்து காற்று வெளியேற ஐந்து வழிகளே உள. அவை உள்வாங்கு வால்வு, வெளியேற்று வால்வு, ஹெட்டுக்கும் சிலிண்டருக்கும் இடையிலுள்ள கஸ்கெற், பிஸ்டன் வளையங்கள், ஸ்பார்க் பிளக்கோ இன்ஜெக்டரோ பூட்டப்பட்ட துவாரம் என்பன. இரும்பு வெடித்திருந்தாலன்றி ஆறாவது வழி இல்லை. எவ்வழியாற் காற்றுப் போகின்றது என்று கேட்டறிவதே குற்றம் காணும் முறையாகும்.

அமுக்கம் உண்மையாகவே இல்லையா?

முதலில் எரிபொருளை அடைத்து, ஸ்பார்க் பிளக் உள்ளதாயின் அதன் கம்பியைக் கழற்றிவிடுதல் வேண்டும். பின்னர் பாரச் சில்லைக் கையால் மெதுவாகச் சுழற்றுக. இரண்டு சுற்றுக்கு ஒருமுறை உறுதியான தடை ஒன்று எதிர்ப்படல் வேண்டும். அவ்விடத்திற் சில்லைத் தள்ளிப் பிடித்தால், வில்லைப் போல அது கையைத் திருப்பித் தள்ளும். சில வினாடிகள் அந்நிலையில் நிற்கும். தடை தோன்றி உடனே வழுவுமாயின் காற்றுச் சிறு வழியொன்றாற் கசிகின்றது. தடையே தோன்றாவிடின் பெரும்பாலும் ஒரு வால்வு திறந்தபடி நிற்கின்றது. இவ்விரண்டையும் பிரித்தறிந்தாலே வேலையிற் பாதி முடிந்தது.

டீசல் இயந்திரங்களிற் கைபிடியை இலகுவாகச் சுழற்றுவதற்கென வெளியேற்று வால்வைச் சிறிது திறந்து பிடிக்கும் டிகம்பிரஷன் நெம்பு ஒன்று உண்டு. றொக்கர் மூடியைத் திரும்பப் பூட்டும்போது இந்நெம்பு முன்னையிலும் தாழ்ந்து அமருமாயின், அது விடுபட்ட நிலையிலும் வால்வை அமுக்கிக்கொண்டே நிற்கும். மூடியைக் கழற்றிவிட்டுச் சில்லைச் சுழற்றும்போது தடை திரும்பி வந்தால், தேடிய குற்றம் அதுவே. வேறொன்றும் தேட வேண்டியதில்லை.

கயிறு இழுத்துப் புறப்படச் செய்யும் சிறு இயந்திரங்கள் பலவற்றில், ஹொண்டா ஜீ.எக்ஸ். வகை போன்றவற்றில், இவ்வேலையைத் தானாகவே செய்யும் ஓர் உறுப்பு உள்ளே இருக்கின்றது. மெதுவாகச் சுழற்றும்போது அது வால்வைச் சிறிது திறப்பதால், நல்ல இயந்திரமும் அமுக்கமற்றது போலத் தோன்றும். அமுக்கமானியும் குறைந்த அளவையே காட்டும். இத்தகைய இயந்திரத்தின் சில்லை எதிர்ப்புறமாகச் சுழற்றிப் பார்த்தல் வேண்டும். அப்பொழுது தடை உறுதியாக இருப்பின், அமுக்கத்திற் குறையில்லை. எரிபொருளையும் தீப்பொறியையும் ஆராய்தலே முறை.

அமுக்கமானி கிடைக்குமாயின் நன்று. டீசல் இயந்திரத்தில் சதுர அங்குலத்துக்கு 400 இறாத்தல் அளவான அமுக்கம் எதிர்பார்க்கப்படும்; பெற்றோல் இயந்திரத்துக்குரிய மானியை அதிற் பூட்டுதல் கூடாது. மானி இல்லையென்று கவலற்க. எவ்வளவு குறைந்தது என்பதை மானி சொல்லுமேயன்றி எங்கே போயிற்று என்பதைச் சொல்லாது.

காதால் அறிதல்

ஒரு முழத்துக்கு மேற்பட்ட மெல்லிய இறப்பர்க் குழாய் ஒன்றே இதற்குக் கருவி. ஒருவர் சில்லைத் தடைக்கு எதிராக மெதுவாகத் தள்ளிக்கொண்டிருக்க, மற்றவர் குழாயின் ஒரு நுனியைக் காதில் வைத்து மறு நுனியை இடத்துக்கிடம் நகர்த்துதல் வேண்டும். காற்று வடிகட்டியைக் கழற்றிய வாயிற் சீறும் ஒலி கேட்டால் உள்வாங்கு வால்வு மூடவில்லை. புகைக் குழாயிற் கேட்டால் வெளியேற்று வால்வு. மசகெண்ணெய் ஊற்றும் துவாரத்தில் உரத்துக் கேட்டால் வளையங்கள். மெல்லிய ஒலி நல்ல இயந்திரத்திலும் அங்கு சிறிது கேட்கும். றேடியேற்றர் நீரிற் குமிழி எழுந்தால் கஸ்கெற், அல்லது வெடிப்பு. ஹெட்டின் ஓரத்திலும் இன்ஜெக்டரைச் சுற்றியும் சவர்க்கார நுரையைப் பூசினால், கசியும் இடத்தில் நுரை பொங்கும்.

கராச்சுகளிற் பழைய ஸ்பார்க் பிளக்கின் ஓட்டில் டயர் வால்வு ஒன்றைப் பொருத்திக் காற்றை உள்ளே செலுத்தியும் இச்சோதனையைச் செய்வதுண்டு. ஒலி தெளிவாகக் கேட்குமாகையால் இது மேலான முறையே. ஆனால் 30 இறாத்தற் காற்றும் பிஸ்டனை வேகமாகத் தள்ளிவிடும். சுழற்றும் கைபிடி சில்லில் மாட்டியிருக்குமாயின் அது சுழன்று கையை முறிக்கக்கூடும். கைபிடியை அகற்றி, பிஸ்டனை நெருக்கல் ஓட்டத்தின் உச்சத்தில் நிறுத்தி, சில்லைப் பலகையால் அடைகொடுத்த பின்னரே காற்றைச் செலுத்துதல் வேண்டும்.

வால்வு இடைவெளி

ஹெட் வேலைக்குப் பின் ஏற்படும் அமுக்க இழப்பில் முதற் சந்தேகத்துக்குரியது இதுவே. பசையிட்டு அரைத்த வால்வு, அல்லது புதிதாக இருக்கை வெட்டப்பட்ட வால்வு, முன்னையிலும் ஆழமாக அமரும். ஆழமாக அமர்ந்தால் அதன் தண்டின் நுனி றொக்கரை நோக்கி நகரும். முன்பு இருந்த இடைவெளி அதனாற் குறையும். சிலவேளை அறவே இல்லாது போகும். இடைவெளி இல்லாத வால்வு மூட முடியாது. றொக்கர் அதனை எந்நேரமும் அமுக்கிக்கொண்டிருக்கும். லேத்துப் பட்டறையில் வேலை எவ்வளவு செம்மையாக நடந்திருப்பினும் இது நேரும். வேலை மிகுதியாக நடந்தால் இடைவெளியும் மிகுதியாகக் குறையும் என்பதே உண்மை.

இதனைச் சோதிக்க ஐந்து நிமிடம் போதும். பிஸ்டனை நெருக்கல் ஓட்டத்தின் உச்சத்துக்குக் கொண்டுவந்து, இரு றொக்கர்களின் திருகுகளையும் ஒரு சுற்றுத் தளர்த்துக. மீண்டும் சில்லைச் சுழற்றும்போது தடை திரும்புமாயின் குற்றம் வெளிப்பட்டுவிட்டது. பின்னர் தகட்டு மானியால் உரிய இடைவெளியை வைத்துத் திருகை இறுக்குதல் வேண்டும். இவ்வளவு இயந்திரத்துக்கு இயந்திரம் வேறுபடும். ஹொண்டா ஜீ.எக்ஸ். 160 இயந்திரம் குளிர்ந்திருக்கையில் உள்வாங்கு வால்வுக்கு 0.15 மில்லிமீற்றரும் வெளியேற்று வால்வுக்கு 0.20 மில்லிமீற்றரும் குறிக்கப்பட்டுள்ளன. மற்றையவற்றுக்கு அவ்வவற்றின் கைந்நூலையே பின்பற்றுக. சுருட்டுத் தாளையும் சவரத் தகட்டையும் அளவாகக் கொள்வோர் உளர். தகட்டு மானியின் விலை அதனால் விளையும் சேதத்தோடு ஒப்பிடுகையில் அற்பமாகும்.

பிஸ்டன் இரு வேளைகளில் உச்சத்துக்கு வருகின்றது என்பதை மறத்தலாகாது. ஒன்று நெருக்கல் முடிவில். மற்றது புகை வெளியேறும் முடிவில். பின்னதில் வால்வுகள் இரண்டும் சிறிது திறந்திருக்கும். அந்நிலையில் இடைவெளி வைத்தால், உண்மையான இடைவெளி மிகப் பெரிதாகிவிடும். வால்வு போதியவாறு திறவாது. சிலிண்டரிற் காற்று நிரம்பாது. எவ்விடத்திலும் சீறும் ஒலி கேளாதிருந்தும் அமுக்கம் குறைந்த இயந்திரத்தில் இதனைத் தேடுக.

றொக்கரை உயர்த்தும் தள்ளு கோல் தன் கிண்ணத்துள் அமராது ஓரத்தில் ஏறி நின்றாலும் வால்வு மூடாது. றொக்கர் மூடியைத் திறந்தால் இது கண்ணுக்கே தெரியும். வால்வுகள் ஹெட்டில் அன்றிச் சிலிண்டரின் பக்கத்தில் அமைந்த பழைய சிறு இயந்திரங்கள் சிலவற்றில் திருகே இராது. அவற்றில் வால்வை அரைத்த பின் தண்டின் நுனியைச் சிறிது சிறிதாகத் தேய்த்தே இடைவெளி உண்டாக்குதல் வேண்டும். இதனை அறியாது பூட்டப்பட்ட பழைய இறைப்பு இயந்திரங்கள் பல வீணே ஒதுக்கப்பட்டிருக்கின்றன.

வால்வு இருக்கை

இடைவெளி சரியாக இருந்தும் வால்விற் காற்றுச் சீறுமாயின் ஹெட்டைக் கழற்றுவது தவிர வேறு வழியில்லை. கழற்றிய ஹெட்டை, வால்வுகளும் வில்லுகளும் பூட்டியபடியே தலைகீழாக வைத்து, எரியும் அறையின் பள்ளத்தில் மண்ணெண்ணெய் ஊற்றுக. காற்றுத் துவாரத்திலோ புகைத் துவாரத்திலோ எண்ணெய் கசிந்து வந்தால் அவ்வால்வு பொருந்தவில்லை. வால்வின் சாய்ந்த விளிம்பிற் பென்சிலாற் குறுக்குக் கோடுகள் இட்டு, இருக்கையில் வைத்துக் காற் சுற்றுத் திருப்பி எடுத்தால், எல்லாக் கோடுகளும் அறுந்திருத்தல் வேண்டும். ஒரு புறத்துக் கோடுகள் மட்டும் எஞ்சின் வால்வு வளைந்தது, அல்லது இருக்கை கோணியது. அரைக்கும் பசையைக் கழுவாது விடுவதும், இரு வால்வுகளை இடம் மாற்றிப் பூட்டுவதும் இங்கே காணப்படும் மற்றைய பிழைகள்.

கஸ்கெற்றும் ஹெட்டின் முகமும்

இருக்கை வெட்டிய ஹெட் 400 கிலோமீற்றர் தூரம் பஸ்ஸின் பொதியறையிற் பயணம் செய்கின்றது. முகம் கீழாகக் கிடந்து இரும்புச் சாமான்களோடு உரசினால் அதில் ஏற்படும் சிறு கீறலே காற்றுக்குப் பாதையாகிவிடும். முகத்தின்மேல் மட்டமான பலகை ஒன்றைக் கட்டி, துணியாற் சுற்றிக் கொண்டுவருதல் வேண்டும். பூட்டுமுன் நேரான உருக்கு மட்டத்தை முகத்தின் குறுக்கே பல திசைகளில் வைத்துப் பார்க்க. சிறு இயந்திரத்தின் ஹெட்டில் 0.05 மில்லிமீற்றர்த் தகடு அதன் கீழ் நுழையுமாயின் முகம் வளைந்துள்ளது எனக் கொள்ளலாம்.

கஸ்கெற்றின் தடிப்பைப் பெரும்பாலோர் கவனிப்பதில்லை. கணக்கு எளிது. சிலிண்டரின் விட்டமும் பிஸ்டனின் ஓட்டமும் 80 மில்லிமீற்றர் வீதம் கொண்ட டீசல் இயந்திரத்தில் பிஸ்டன் ஓடும் இடத்தின் கொள்ளளவு ஏறக்குறைய 402 கன சென்ரிமீற்றர். நெருக்க விகிதம் 20 எனின், உச்சத்தில் எஞ்சும் இடம் 21 கன சென்ரிமீற்றர் மாத்திரமே. கஸ்கெற் அரை மில்லிமீற்றர் தடித்துவிட்டால் அவ்விடம் இரண்டரை கன சென்ரிமீற்றரால் அதிகரித்து, விகிதம் 18 ஆகக் குறையும். எங்கும் கசிவில்லாமலே காலைக் குளிரிற் புறப்படாத இயந்திரம் ஒன்று இவ்வாறு உண்டாகின்றது. ஆகவே கொழும்புக்குச் செல்பவர் பழைய கஸ்கெற்றையும், இயந்திரத் தகட்டிலுள்ள இலக்கத்தையும் உடன் கொண்டுசென்று, துவாரங்களை மட்டுமன்றித் தடிப்பையும் ஒப்பிட்டு வாங்குதல் வேண்டும். மெலிந்த கஸ்கெற் இதற்கு மறுதலையான தீங்குடையது. பிஸ்டன் ஹெட்டில் இடிக்கக்கூடும்.

திருகாணிகளை ஒரு புறமிருந்து வரிசையாக இறுக்காது, குறுக்கு மறுக்காக இரண்டு மூன்று தடவையிற் படிப்படியாக இறுக்குதல் வேண்டும். ஆணித் துளைகளில் எண்ணெயோ நீரோ தேங்கியிருப்பின் ஆணி இறுகியது போலக் கைக்குத் தோன்றும். ஹெட்டோ தளர்வாகவே இருக்கும். துளைகளைத் துடைத்து உலர்த்துதல் சிறு வேலையாயினும் பலர் இதனைத் தவிர்த்துவிடுகின்றனர்.

வளையங்கள்

பொதுவாக முதலிற் பழி சுமத்தப்படுபவை இவையே. பழி பெரும்பாலும் பொருந்தாது. வளையமே காரணம் என்பதை உறுதிப்படுத்த, இன்ஜெக்டர் அல்லது ஸ்பார்க் பிளக் துவாரத்தால் ஒரு தேக்கரண்டி மசகெண்ணெயை ஊற்றிச் சில்லைச் சில தடவை சுழற்றிய பின் அமுக்கத்தை மீண்டும் பார்ப்பர். தடை கூடினால் வளையங்களின் வழியாகவே காற்றுப் போயிற்று. கூடாவிடின் வால்வையோ கஸ்கெற்றையோ தேடுக. டீசல் இயந்திரத்தில் இதற்கு மேல் எண்ணெய் ஊற்றுதல் ஆபத்தானது. மேலே காட்டிய 21 கன சென்ரிமீற்றர் இடத்தை எண்ணெய் நிரப்பினால் பிஸ்டனுக்கு ஒதுங்க இடமின்றி உள்ளுறுப்பு வளையும். குபோட்டா போன்ற ஜப்பானிய இரு சக்கர உழவு இயந்திரங்களிற் சிலிண்டர் படுத்த நிலையில் அமைந்திருப்பதால் எண்ணெய் கீழ்ப் புறத்திலே தேங்கிவிடும். அவற்றில் இச்சோதனையின் முடிவை முழுதும் நம்புதல் இயலாது. குழாயிற் கேட்கும் ஒலியையே நம்புதல் வேண்டும்.

வளையத்தைப் பிஸ்டனில் ஏற்றுமுன் அதனை மட்டும் சிலிண்டருள் நேராக வைத்து, இரு முனைகளுக்கும் இடையிலுள்ள இடைவெளியை அளப்பது நல்ல வழக்கம். விட்டத்தின் ஆயிரத்தில் மூன்று முதல் நான்கு பங்கு, அதாவது 80 மில்லிமீற்றர்ச் சிலிண்டருக்கு 0.24 முதல் 0.32 மில்லிமீற்றர் வரை, பொதுவாகப் பொருந்தும். குறியிட்ட பக்கம் மேல் நோக்கியிருத்தல் வேண்டும். முனைகள் ஒரே வரிசையில் வாராதவாறு சுற்றிலும் பரப்பி வைக்கப்படும். கண்ணாடி போல வழுவழுப்பான பழைய சிலிண்டரில் புதிய வளையம் எளிதிற் படியாது. அதன் சுவரைக் குறுக்குக் கோடுகள் விழுமாறு தேய்த்துக் கொடுத்தல் வேண்டும். அவ்வாறு செய்த பின்னும் முதற் சில மணித்தியாலங்களுக்கு அமுக்கம் சிறிது குறைவாகவே இருக்கும். புதிய வளையத்தின் இச்சிறு குறையைக் குற்றம் என்று எண்ணி இயந்திரத்தை மீண்டும் பிரிப்பவர் உளர்.

இயந்திரம் புறப்பட்ட பின் அரை மணித்தியாலம் பாரமின்றி ஓடவிட்டு, முற்றாகக் குளிர்ந்த பின் ஹெட்டின் ஆணிகளைக் கைந்நூல் கூறுமாறு மீண்டும் பார்த்தல் வேண்டும். ஆணி சிறிது இறுகினாலும் ஹெட் கீழிறங்கி வால்வு இடைவெளி குறையும். ஆகையால் இடைவெளியை அதற்குப் பின்னரே இறுதியாக வைக்க. முதல் நாள் இறைப்புக்குப் பின் மசகெண்ணெயை மாற்றிவிடுதல் நன்று. அரைத்த பசையின் துகள் எஞ்சியிருப்பின் அதனோடு வெளியேறும்.